ஐந்தே முக்காலுக்கு ஆள் மாறும்

பதினேழாம் அத்தியாயம்

பாலேந்திரன் தனியாக ஓடப் போன முதல் நாள் அந்தச் சனிக்கிழமைதான். முதல் நாளிலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்தக் குடும்பத்தைப் போன கிழமை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் சண்டையோடு விட்டுவிட்டு வந்தோம். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். தை மாதம் கண்டித் தலதா மாளிகையில் குண்டு வெடித்த மறுநாள், சுற்றிவளைப்பில் இவர்களுடைய ஒரே மகன் குகனைப் பிடித்தார்கள். மூன்று நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை வீட்டுக்கு வந்தபோது இடது காது கேட்கவில்லை. சித்திரையில் அவனைக் கனடாவில் இருக்கிற தாய்மாமனிடம் அனுப்பி வைத்தார்கள்.

அன்றிலிருந்து பாலேந்திரன் வாய் திறப்பதை விட்டுவிட்டார். வேலை, சாப்பாடு, படுக்கை, அவ்வளவுதான். வைகாசியில் இரத்தம் சோதித்துப் பார்த்தால் சீனி ஏறிப்போய் நின்றது. காலமையில் எழும்பி நடக்கச் சொன்னார் டாக்டர்.

நடை கொஞ்ச நாளில் ஓட்டமானது. ஓடும்போதுதான் மனுஷன் கதைக்கத் தொடங்கினார். வீட்டில் உப்புக் கேட்கவும் வாய் திறக்காதவர், அக்குறணை வீதியில் மூச்சிரைக்க மூச்சிரைக்க மகனைப் பற்றிக் கதைத்தார். அதைக் கேட்பதற்காகவே பெண்சாதி கமலாசனி பக்கத்தில் ஓடினாள். நாற்பத்திரண்டு வயதில், பஞ்சாபி உடுப்பும் கன்வஸ் சப்பாத்துமாக! கண்டவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், தன் புருஷன் கதைக்கிறாரே என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

ஆனி மாதம் மரதன் ஓட்ட அறிவித்தல் வந்தது. மாளிகைப் பெரஹரா ஊர்வலம் முடிந்து, புரட்டாதியில். இருபத்தாறு மைல். அதில் தம்பதியர் பிரிவு என்று ஒன்று. புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து ஓட வேண்டும். பிந்தி வருகிறவரின் நேரம்தான் இரண்டு பேருக்கும் நேரம். விண்ணப்பத்தை நிரப்பிப் போட்டவளும் கமலாசனிதான்.

அந்தப் பிந்தி வருகிறவர் சங்கதிதான் வெள்ளிக்கிழமைச் சண்டைக்கும் காரணம்.

"நீர் பாலத்தடியில நிண்டு நிண்டு மூச்சு வாங்கினா, நாங்கள் எப்பிடி அஞ்சு மணித்தியாலத்துக்குள்ள முடிக்கிறது?" என்று கேட்டுவிட்டார் பாலேந்திரன்.

"அப்ப நாளைக்கு நீங்கள் தனியப் போங்கோ. நான் ஒருத்தருக்கும் பாரமா வரேல்லை."

சொன்னபடியே சனிக்கிழமை காலை அவள் நேரத்துக்கு எழும்பவில்லை. எழும்பியவள், சப்பாத்துப் போடவில்லை. வாசலில் நின்று தயங்கிக்கொண்டிருந்தவரின் இடுப்புப் பையைத் திறந்து, தான் ஓட்ட நேரங்களை எழுதிவரும் சதுரக்கோட்டுக் கொப்பியைத் திணித்தாள்.

"இந்தாங்கோ. உங்கட நேரத்தை இண்டைக்கு நீங்களே எழுதுங்கோ."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

அந்தக் கதவுச் சத்தம் இப்போது அவள் மண்டைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. மணி ஏழரை. முன் அறைக் கதிரையில் உட்கார்ந்திருந்த ஹாஷிம், வைத்த கோப்பியைத் தொடவேயில்லை. பாலத்தடியில் சாமான் கடை வைத்திருக்கிற மனிதர். இவர்கள் குடியிருக்கிற வீடும் அவருடையதுதான்.

"நான் கடை தொறக்கக்குள்ளதான் பாத்தேன் டீச்சர். சென்றியில நிண்ட பொடியன்மார் எல்லாத்தையும் நேத்து மாத்தீட்டாங்க. பெரஹரா வருதுதானே. எல்லாம் புது ஆக்கள். ஐயா வேகமா ஓடி வந்தாரு. நிக்கச் சென்னாங்க, நிண்டாரு. கையையும் தூக்கினாரு. பையில ஒரு கொப்பி ஈந்திருக்கு. அதோட பொலிஸுக்குக் கொண்டு போயிட்டாங்க."



சென்றிக் காவலில் நின்ற பழைய பையன்களுக்கு இவர்களை நன்றாகத் தெரியும். குருநாகல் பக்கத்துப் பையன் ஒருத்தன், "டீச்சர், இன்றைக்கு இரண்டு நிமிஷம் பிந்திவிட்டீர்கள்" என்று சிங்களத்தில் பகிடி விடுவான். அடையாள அட்டைகூடக் கேட்பதில்லை. கமலாசனி அதையெல்லாம் ஓட்டத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்திருந்தாள். எவ்வளவு பேய்த்தனமான நினைப்பு! இரண்டு பேராக ஓடினால் புருஷன் பெண்சாதி. தனியாக ஓடினால் தமிழன். இது அவளுக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது.

"எங்கட ஆள் ஒருத்தர் அங்க கான்ஸ்டபிளா ஈக்காரு. அவர்ட்டக் கேட்டுப் பாத்தேன்" என்றார் ஹாஷிம். குரல் தணிந்துவிட்டது. "மத்தியானம் கொழும்புக்கு அனுப்பப் போறாங்களாம், டீச்சர். அங்க போனாப் பொறகு எங்க வெச்சிருக்கிற, எத்தின மாசம் வெச்சிருக்கிற எண்டு ஒத்தருக்கும் செல்லத் தெரியாது. இப்ப, இஞ்ச ஈக்கக்குள்ளயே ஏதாச்சும் செய்யோணும்."

குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சத்தியபாமா தலையில் அடித்துக்கொண்டாள். பாலேந்திரனின் மூத்த சகோதரி அவள். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, ஒன்றரை வருஷமாகத் தம்பி வீட்டில் இருக்கிறாள்.

"நான் அண்டைக்கே சொன்னனான்! ஆர் கேட்டது? எங்கட சனம் ஓடுறது காணாதே? யாழ்ப்பாணத்தில இருந்து ஓடி, கிளிநொச்சியில இருந்து ஓடி, இஞ்ச வந்தும் காசைக் கட்டிப் பேரைப் பதிஞ்சுபோட்டு ஓட வேணுமே?"

"மச்சாள், அவர் கதைச்சதே அந்த ஓட்டத்திலதான்."

"இப்ப நல்லாக் கதைப்பிப்பாங்கள்."

 கமலாசனி அலுமாரியைத் திறந்து, மரதன் கழகத்திலிருந்து வந்த கடிதத்தை எடுத்தாள். கழகத்தின் முத்திரை, செயலாளரின் கையொப்பம், தம்பதியர் பிரிவு, இரண்டு பேருடைய பெயரும் சிங்களத்தில் சுத்தமாக. இதைக் காட்டினால் போதும் என்று நினைத்தாள். கொப்பியிலிருக்கிற எழுத்து தன்னுடையது, அது ஓட்டத்துக்காக எழுதியது, இதோ அத்தாட்சி. கணித ஆசிரியை அல்லவா, நிறுவிக் காட்டினால் உலகம் ஒப்புக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை.

சத்தியபாமா கடிதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நில்லு கமலா. உன்ர எழுத்தெண்டு நீ போய்ச் சொன்னா உன்னையும் இருத்திப்போடுவாங்கள். தம்பி ஆம்பிளை, எப்பிடியும் தாங்குவான். அங்க இருக்கிற பிள்ளைக்குத் தாயெண்டாலும் மிஞ்ச வேணும்."

"அவரைத் தனிய அனுப்பினது நான், மச்சாள்."

"அதுக்கு?"

 கமலாசனி கடிதத்தை மெல்ல இழுத்து எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டாள். ஹாஷிம் முச்சக்கர வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

பாலத்தைக் கடக்கும்போது ஆற்றில் யானைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். பெரஹராவுக்கு வந்த யானைகள். பாகன் தேங்காய்ப் பொச்சால் தேய்க்கத் தேய்க்க அவை ஒரு பக்கமாகச் சரிந்து சுகமாகப் படுத்திருந்தன. கமலாசனிக்கு அவற்றின் மேல் கோபம் கோபமாக வந்தது.

பொலிஸ் நிலையத்தில் ஒன்றரை மணித்தியாலம் வாங்குப் பலகையில் இருத்தி வைத்தார்கள். ஹாஷிமை உள்ளே விடவில்லை. வெளியே மாமரத்தடியில் நின்று, அவள் பக்கம் பார்த்து இடைக்கிடை தலையை ஆட்டினார். பயப்படாதீங்க என்று அர்த்தம். 

பத்தரைக்குக் கூப்பிட்டார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு அவளுடைய வயதுதான் இருக்கும். இரவெல்லாம் நித்திரையில்லாத கண். கதிரையைக் காட்டி "இருங்கள், மிஸ்" என்றார். தேத்தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். இப்படி மரியாதையாகப் பேசுகிறவரிடம் என்ன சொல்லி அழுவது? கமலாசனிக்கு இன்னும் பயம் கூடிவிட்டது.

கதையெல்லாம் சிங்களத்தில். பதினைந்து வருஷம் கண்டியில் இருந்தவளுக்கு அது ஒரு கஷ்டமில்லை.

மேசையில் அவளுடைய கொப்பி விரிந்து கிடந்தது. பக்கத்தில் சிங்களத்தில் மொழிபெயர்த்த தாள். இன்ஸ்பெக்டர் அதை எடுத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வாசித்தார்.

"பாலம், ஐந்து முப்பத்தெட்டு. மின்மாற்றி, ஐந்து ஐம்பத்திரண்டு. பெற்றோல் செட், ஆறு ஒன்று." ஒரு தரம் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "பாலத்துச் சென்றி ஐந்தே முக்காலுக்கு ஆள் மாறும். புது ஆள் என்றால் நாலு நிமிஷம் வீண். ஐந்து நாற்பதுக்கு முன் கடந்துவிட வேண்டும்."

எழுதும்போது அது வெறும் ஓட்டக் கணக்கு. எந்த இடத்தில் நேரம் பிந்துகிறது என்று பார்க்க, வழியில் தெரிகிறதையெல்லாம் குறித்து வைத்தாள். மரத்தையா குறிக்க முடியும்? வழி நெடுக மரம்தான். பாலமும் மின்மாற்றியும் பெற்றோல் செட்டும்தானே தூரத்திலிருந்து தெரிகிறவை. அந்த மேசையில், அந்தக் குரலில் கேட்டபோது அவளுக்கே அது வேறு ஏதோவாகப் பட்டது. வேறு யாராவது இதை எழுதியிருந்தால் அவளும் சந்தேகப்பட்டிருப்பாள்.

"இந்த நூற்று எண்பத்திரண்டு, நூற்று அறுபத்துநாலு எல்லாம் என்ன?"

"அவருடைய இரத்தத்தில் சீனி, சேர். கிழமைக்கு ஒருக்கால் பார்த்து எழுதுவேன்."

"எழுதுவேன்?"

"ஓம் சேர். இது என்னுடைய எழுத்து. கொப்பி என்னுடையது. அவர் ஒன்றும் எழுதவில்லை."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசானது. இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். முதல் நாலு வரியையும் திருப்பி எழுதச் சொன்னார். எழுதினாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்க்க என்ன இருக்கிறது? கரும்பலகையில் எழுதி எழுதிப் பழகிய எழுத்து, ஒரே அச்சு.

மரதன் கழகத்துக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாசித்தார். தொலைபேசியை எடுத்து, கடிதத்திலிருந்த எண்ணுக்குச் சுழற்றினார். செயலாளரோடு இரண்டு நிமிஷம் பேசினார். "ஆ, சரி, இரண்டு பேருமா, சரி, ஸ்தூதி" என்று நன்றி சொல்லி வைத்தார்.

கமலாசனி மூச்சை விட்டாள். முடிந்தது என்று நினைத்தாள். மத்தியானத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்விடலாம், போன கையோடு காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

இன்ஸ்பெக்டர் மேசை இலாச்சியைத் திறந்து, தட்டெழுத்தில் அடித்த ஒரு தாளை எடுத்து அவள் முன் வைத்தார்.

"உங்கள் கணவர் காலையில் தந்த வாக்குமூலம். வாசியுங்கள்."

கீழே பாலேந்திரனின் கையொப்பம் இருந்தது. அவருடையதுதான், கடைசி எழுத்தின் வால் நீண்டு போகிற கையொப்பம். கமலாசனி வாசித்தாள்.

'கொப்பி என்னுடையது. எழுத்தும் என்னுடையது. நான் எப்போதும் தனியாகவே ஓடுவேன். என் மனைவிக்கு முழங்கால் வருத்தம். அவள் ஒரு நாளும் என்னோடு ஓடியதில்லை. இந்தக் கொப்பியை அவள் கண்டதுமில்லை.'

முழங்கால் வருத்தமாம்! நேற்றுத்தான் நின்று மூச்சு வாங்குகிறீர் என்று சண்டை பிடித்தவர். கமலாசனிக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.  மகன் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, கூப்பிட்ட பக்கம் திரும்பாமல் மற்றப் பக்கம் திரும்பியதை வாசலில் நின்று பார்த்தவர் அவர். அந்த இடத்துக்குப் பெண்சாதி வந்துவிடக் கூடாது என்று, தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே உண்மையைத் தன் கையாலேயே அடித்துப்போட்டிருக்கிறார்.

அதை அவள் கடிதத்தோடும் கையெழுத்தோடும் வந்து பொய்யென்று நிறுவிக் கொடுத்திருக்கிறாள்.

"உங்கள் கடிதம் உண்மை" என்றார் இன்ஸ்பெக்டர். "உங்கள் எழுத்தும் உண்மை. அப்படியானால் இவர் பொய் சொல்லியிருக்கிறார். கொப்பியில் ஒன்றுமில்லை என்றால் ஏன், மிஸ், இவர் பொய் சொல்ல வேண்டும்?"

"என்னைக் காப்பாற்ற, சேர்."

"எதிலிருந்து?"

வாய் வரை வந்தது. என் பிள்ளையின் காதுக்கு நடந்ததிலிருந்து என்று சொல்ல வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் அவளுக்கு உதவி செய்கிறவர் மாதிரி, கொப்பிக்குக் கீழே கிடந்த இன்னொரு கோப்பைத் தட்டிக் காட்டினார்.

"மகன் தை மாதம் விசாரிக்கப்பட்டவர். இப்போது கனடாவில். கணவர் பேராதனையில் இரசாயன ஆய்வுகூடத்தில் வேலை. வீட்டில் கிளிநொச்சியிலிருந்து வந்த ஒருவர். நான் என்ன நினைப்பேன் என்பது வேறு, மிஸ். கொழும்பில் இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?"

 மறுக்க என்ன இருக்கிறது? எல்லாம் உண்மை. ஒவ்வொன்றும் தனித்தனியே குற்றமில்லாத உண்மை. கூட்டினால்தான் அப்படி வருகிறது.

இன்ஸ்பெக்டர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தணித்தார்.

"எனக்கும் பெண்சாதி பிள்ளைகள் இருக்கிறார்கள். கேளுங்கள். நீங்கள் சொன்னதை நான் இன்னும் எழுதவில்லை. நீங்கள் எழுதிக் காட்டிய தாளைக் கிழித்துப் போடுகிறேன், கடிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். ஒரு வாக்குமூலத்தோடு ஒரு ஆள் போவார். இல்லை, நீங்கள் எழுதித்தான் தருவீர்கள் என்றால் நான் இரண்டையும் அனுப்ப வேண்டும். இரண்டு வாக்குமூலமும் ஒன்றோடொன்று மோதுகிறது. இரண்டு பேரையும்தான் அனுப்ப வேண்டி வரும்."

அவர் ஏமாற்றவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. நல்லது செய்வதாகவே நினைத்துச் சொல்கிறார். வெளியே மாமரத்தடியில் ஹாஷிம் நிற்கிறார். ஐந்து நிமிஷத்தில் முச்சக்கர வண்டியில் ஏறலாம். சத்தியபாமா சொன்ன மாதிரி, பிள்ளைக்குத் தாய் மிஞ்சுவாள்.

போனால் என்ன ஆகும்? கொழும்பில் கேட்பார்கள். சென்றி மாறுகிற நேரத்தை ஏன் எழுதினாய், யாருக்கு எழுதினாய்? எழுதாத ஒன்றுக்கு அவர் என்ன காரணம் சொல்வார்? மின்மாற்றியைக் குறித்தது ஏன் என்று அவருக்கே தெரியாது. அடித்தால், பெண்சாதியின் பெயர் வெளியே வராமலிருக்க எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வார். யாருக்கு எழுதினாய் என்ற கேள்விக்கும் அவர்கள் எடுத்துக் கொடுக்கிற பெயரைச் சொல்லிவிடுவார். அதோடு ஆள் முடிந்தது.

 கமலாசனி ஒன்றும் துணிச்சல்காரியில்லை. பள்ளிக்கூடத்தில் அதிபர் கூப்பிட்டாலே உள்ளங்கை வேர்க்கிறவள்.

"நான் எழுதுகிறேன், சேர்" என்றாள். சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ இழுபட்டு விழுகிற சத்தம் கேட்டது. பிறகு பாலேந்திரனின் குரல்.

"கமலா! நீரே? ஏன் வந்தனீர்? வீட்டை போம்! உமக்கு ஒண்டும் தெரியாது! கமலா, ஒண்டும் சொல்லாதையும்!"

நாலு மாதமாக வீட்டுக்குள் வாய் திறக்காதிருந்த மனுஷன், பொலிஸ் நிலையம் அதிரக் கத்தினார். யாரோ அதட்டினார்கள். அவர் நிறுத்தவில்லை.

"போம், வீட்டை! சொல்லுறதைக் கேளும்!"

"எனக்கு எல்லாம் தெரியும்!" கமலாசனியும் கத்தினாள். "நான்தானே எழுதினனான்! நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ. இனி நான் சொல்லுறன்."

 இன்ஸ்பெக்டர் கோடு போட்ட தாள்கள் நாலைந்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். வெளியே நின்றவனைக் கூப்பிட்டு, பெண் பொலிஸ் ஒருவரை வரச் சொன்னார். மத்தியானப் பயணத்துக்கு எத்தனை பேர் என்று அவன் கேட்டான்.

"இரண்டு" என்றார்.

கமலாசனி பேனையை எடுத்தாள். பெயர், வயது, தொழில், விலாசம். வைகாசி மாதம் டாக்டர் சொன்னதிலிருந்து தொடங்கினாள். பேனை நன்றாக எழுதவில்லை. அழுத்தி அழுத்தி எழுத வேண்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கத்தல் நின்று, பாலேந்திரன் அழுகிற சத்தம் வந்தது. மகனை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்த அன்றும் அழாதவர். கமலாசனி கேட்டுக்கொண்டே எழுதினாள், ஒரு வரியையும் விடவில்லை.